வெரிபீ சாமி அறையில் ஒரு பெச் குரல்

இக்கட்டுரையில் நான் கண்டவையும், என் காதால் கேட்டவையும், அறிந்தோரிடம் வினவித் தெளிந்தவையும் மட்டுமே இடம்பெறுகின்றன. பயணக் கட்டுரைக்கு இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். தமிழைப் பற்றி நான் ஒரு பிழை எழுதினால் மறுப்பதற்கு ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவில் மிகச் சிலரே பேசும் பெச் மொழியைப் பற்றித் தமிழில் ஒரு பொய்யை எழுதிவைத்தால் அதை மறுக்க ஒருவரும் வரமாட்டார். அது அப்படியே நின்றுவிடும். இந்தப் பயணத்தில் எனக்கு நேர்ந்த அச்சங்கள் பல. அவற்றுள் எழுதும்போதும் என்னை விடாமலிருப்பது இதுவே. பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறெதையும் மாற்றவில்லை.

மெல்போர்னில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்களுக்கு இலக்கண வகுப்பு எடுக்க அழைத்திருந்தார்கள். போகும் வழியில் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் வாழும் என் தங்கை வசந்தாவின் வீட்டில் தங்கினேன். அவளுடைய அடுத்த வீட்டில் மார்கரெட் என்னும் முதிய ஆஸ்திரேலியப் பெண்மணி தனியாக வாழ்கிறார். அவருடைய காலஞ்சென்ற கணவர் இளமையில் ஹோண்டுராஸ் நாட்டுக்குப் போய், பெச் மக்களின் ஊர் ஒன்றில் சில காலம் தங்கியிருந்தவர். அங்கே ஒரு மனிதரைப் பேசவைத்து ஒலிநாடாவில் பதிந்திருக்கிறார். அந்த நாடா கார் நிறுத்தும் கொட்டகையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கிறது.

"உங்கள் அக்கா மொழி ஆசிரியர்தானே, மெல்போர்ன்தானே போகிறார்?" என்று மார்கரெட் வேலிக்கு மேலாக வசந்தாவைக் கேட்டார். பதில் வருவதற்குள் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பினார். பெட்டிக்குள் உள்ளங்கையை விடச் சற்றே பெரிய சுருள். பேசியவரின் தங்கை மகள் எலேனா என்பவர் மெல்போர்னில், வெரிபீயில் இருக்கிறாராம். முதியோர் இல்லத்தில் வேலை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் மார்கரெட்டுக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொல்பவர். தாய்மாமனின் குரல் உலகில் வேறெங்கும் பதிவாகவில்லை. தபாலில் அனுப்ப மார்கரெட்டுக்கு மனம் வரவில்லை. எனக்கோ, மறுப்பதற்கு நாகரிகமான சொல் அகப்படவில்லை.

இரவு உணவின்போது வசந்தாவின் கணவர் அந்த மொழியைப் பற்றிக் கேட்டார். வினை இறுதியில் வரும் மொழிகளைக் குறித்து முன்பொரு முறை பாடம் நடத்தியதால் நூல்களில் படித்தது சிறிது நினைவிலிருந்தது. ஹோண்டுராஸ் முதல் கொலம்பியா வரை சிதறிக்கிடக்கும் சிப்சன் மொழிக்குடும்பத்தில் வடக்கெல்லையில் நிற்பது பெச். தமிழைப் போலவே எழுவாயும் செயப்படுபொருளும் முன்னே வர, வினை கடைசியில் வந்து அமரும். உயிரொலிகளுள் மூக்கொலி கலந்தவை உண்டு. குரல் உயர்வதும் தாழ்வதும் சொல்லின் பொருளையே வேறாக்கும். பேசுவோர் தொகையில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. அது குறைந்துவருகிறது என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன. அம்மக்களுக்கு வேற்றார் சூட்டிய இழிபெயர் ஒன்று பழைய நூல்களில் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை.

"பெச்... பேச்சு! பாத்தீங்களா அக்கா, அங்கயும் நம்ம ஆளுங்கதான்," என்றார் அவர், தோசையை மடித்தபடி.

அது தற்செயலான ஒலி ஒப்புமை, வினை இறுதியில் வருவதும் உறவுக்குச் சான்றாகாது, ஜப்பானியமும் துருக்கியும் அப்படித்தான் என்றேன். "இவகிட்ட ஒரு பெருமை கூட நிம்மதியாப் பட முடியாது," என்று வசந்தா அவருக்குப் பரிந்து பேசினாள்.

மறுநாள் மெல்போர்ன் செல்லும் பகல் ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். வசந்தா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை அதனோடு ஒரே பையில் போட நான் இசையவில்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சோறு என்று ஏறியவளைப் பரிசோதகர் இருமுறை பார்த்தார். மதுரைச் சந்திப்பில் இத்தகைய காட்சிக்கு யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே மனிதர்கள் ஆளுக்கொரு முதுகுப்பையுடன் பயணம் செய்கிறார்கள். மடியில் வைத்துக் காப்பதற்கு யாரிடமும் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பாதி வழியில் தண்டவாள வேலை. எல்லோரையும் இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். வெயில் முகத்தில் அறைந்தது. பைகளையெல்லாம் பேருந்தின் அடிப்பெட்டியில் அடுக்கிய ஓட்டுநர், அட்டைப்பெட்டிக்காகவும் கையை நீட்டினார். அந்த இரும்பு அறைக்குள் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டேன். தரமாட்டேன் என்றேன். விதி என்றார். பின்னால் நின்ற பருத்த பெண்மணி ஒருவர், அப்படி என்ன இருக்கிறது அதில் என்று கேட்டார். "இறந்துபோன ஒருவருடைய குரல்," என்றேன். அவர் ஓட்டுநரை ஒரு பார்வை பார்த்தார். ஓட்டுநர் கையை மடக்கிக்கொண்டார். பேருந்தில், சன்னல் வழியே வெயில் என் மடிக்கு வந்தபோதெல்லாம், என் அருகே அமர்ந்த அந்தப் பெண்மணி தம் வைக்கோல் தொப்பியைக் கழற்றிப் பெட்டியின் மேல் கவிழ்த்தார். தம் பெயரைச் சொல்லாமலே ஏதோ ஒரு சிற்றூரில் இறங்கிப் போனார்.

வெரிபீயில் நான் தங்கியது மனோகரி அக்காவின் வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். ஊரே அவரை, யாழ்ப்பாண ஒலியில், அன்ரி (ஆன்ட்டி) என்கிறது. எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் பிள்ளை. எல்லா வீடும் ஒன்றுபோலிருக்கும் புதிய குடியிருப்பு. மகன் விடியுமுன்பே நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார். நான் போய்ச் சேர்ந்தவுடன் அக்கா என்னைக் குசினிக் கதிரையில், அதாவது சமையலறை நாற்காலியில், உட்காரவைத்து, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சம்பலும் பரிமாறினார். சம்பலின் உறைப்பில் என் கண்கள் நிறைந்ததை அவர் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார். பெட்டியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, வெயில் இறங்குமுன்பே அயர்ந்து உறங்கிவிட்டேன்.

விழித்தபோது காலை. கூடத்தில் பக்திப் பாடல் ஒலித்துக்கொண்டிருந்தது. மேசையில் பெட்டி இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், பையைக் கவிழ்த்தேன். கூடத்துக்கு ஓடிவந்தவள், உடை அலமாரியாக இருந்ததைத் திருத்திச் சாமி அறை ஆக்கியிருந்த இடத்தின் முன் நின்றுவிட்டேன். பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்தில், பாடிக்கொண்டிருந்த கரிய ஒலிப்பெட்டியின் தலையில், அந்த அட்டைப்பெட்டி இருந்தது. அதன் மேல் ஒரு பொட்டுச் சந்தனம். ஒரு செவ்வரத்தம் பூ, நம்மூர்ச் செம்பருத்தி.

"ஓம் பிள்ளை, நான்தான் வச்சனான்," என்றார் மனோகரி அக்கா குசினியிலிருந்து. "செத்துப்போன மனுசன்ர குரல் எண்டு சொன்னீங்கள். வெறும் மேசையில கிடக்கலாமே?"

ஒலிநாடாவில் காந்தத்தால் எழுதப்பட்டதைக் காந்தமே அழித்துவிடும். ஒலிப்பெட்டிக்குள்ளே காந்தம் இருக்கிறது. இவ்விரண்டும் எனக்குப் பொது அறிவாகத் தெரிந்தவை. ஆயினும் ஐயத்தோடு ஒருவர் மேல் குற்றம் சொல்லலாகாது. பெட்டியை எடுத்து அறையின் மறுகோடியில் வைத்தேன். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பெட்டி இருந்த இடத்தில் வைத்து, ஒலிப்பெட்டியைச் சாய்த்தேன். ஊக்கு விழவில்லை. மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. பாட்டை நிறுத்தினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "அழிஞ்சு போச்சோ?" என்றார். தெரியாது என்றேன். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். நாமே ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றித்தரும் கிளேர் என்பவரை எலேனா முன்பே ஏற்பாடு செய்திருந்தார். அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்தக் காலத்து நாடா சிலவற்றில் பசை இளகி, ஒலி எழுதிய பூச்சே உரிந்து வந்துவிடும், ஒருமுறைக்கு மேல் ஓடுமா என்று உறுதி சொல்லமாட்டேன் என்றார். காந்தத்தைப் பற்றிக் கேட்டேன். "கொண்டுவாருங்கள். அதுவரை எதையும் ஊகிக்காதீர்கள்," என்றார்.

ஊகிக்காமல் இருப்பதே என் தொழில். அன்று அது இயலவில்லை. முதலில் அழிவது எது என்று மனம் கணக்கிட்டது. சொல்லின் எலும்பு எஞ்சலாம். மூக்கொலியும் குரலின் ஏற்றத்தாழ்வும் மங்கிப்போனால்? அம்மொழியில் அவையின்றிப் பொருள் இல்லை. மொழியைத் தாங்கி நிற்பவரே சிலர். அச்சிலருள் ஒருவரை நாங்கள் சாமி அறையில் வைத்து அழித்திருந்தால்?

"அந்த எலேனாப் பிள்ளையிட்டச் சொல்லாதேங்கோ," என்றார் அக்கா. "நல்லா இருந்துதெண்டால் சொல்லவே தேவையில்லைத்தானே." கிளேரிடம் போகும்வரை இரண்டு நாளும் அவர் சாமி அறைக் கதவைத் திறந்து விளக்கு வைத்தார். பாட்டுப் போடவில்லை.

கிளேரின் வீடு டாண்டினாங் மலையடிவாரத்தில், த பேசின் என்னும் ஊருக்குச் செல்லும் சாலையில். வெரிபீ நகரத்தின் ஒரு கோடி என்றால் அது மறு கோடி. அக்காவே காரை ஓட்டினார். வழியில் எலேனாவை ஏற்றிக்கொண்டோம். நாற்பது வயதைக் கடந்த, குட்டையான, விரைந்து பேசும் பெண். இல்லத்தின் சீருடையிலேயே வந்திருந்தார். பெட்டியை வாங்கி மடியில் வைத்து இரு கைகளாலும் மூடிக்கொண்டார்.

வழிநெடுக அவரே பேசினார். தாய் அவருடன் ஸ்பானிய மொழியில்தான் பேசினாராம். பள்ளியில் மகளைப் பிறர் நகைக்கக் கூடாது என்று. எலேனா சிறுமியாக இருக்கும்போதே தாய் இறந்துபோனார். வளர்த்தவர் மாமன். "உன் அம்மாவைப் பற்றி எங்கள் மொழியில் அந்த வெள்ளைக்காரனின் பெட்டிக்குள் சொல்லியிருக்கிறேன், ஸ்பானியத்தில் அதைச் சொல்ல வராது" என்று அவர் சொல்லுவாராம். எலேனாவுக்கு அந்த மொழி தெரியாது. ஊரில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்குத் தெரியும். குரலை அவருக்கு அனுப்பி, பொருள் கேட்டுக்கொள்ளலாம். "எனக்கு ஒரே பயம்தான்," என்றார். "கேட்டும் எனக்கு அவரை அடையாளம் தெரியாமல் போனால்?"

முன்னிருக்கையில் நாங்கள் இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கிளேர் வீட்டுக்கு முன்பாகவே விநாயகர் கோயில் வருகிறது. அக்கா சொல்லாமலே வண்டியை உள்ளே திருப்பினார். மலைக்காட்டிலிருந்து யூக்கலிப்டஸ் மணம். உச்சிவெயில். அக்கா இறங்கிச் செருப்பைக் கழற்றினார். பிறகு வெறுங்காலோடு சுடுதரையில் நின்றபடி மறுபடியும் செருப்பை மாட்டினார். "சொல்லாமல் உள்ள போகேலாது, பிள்ளை," என்றார் என்னிடம். பின்கதவைத் திறந்து எலேனாவிடம் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மேசை, செத்தவர் குரல், சாமி, ஒலிப்பெட்டி, ஊக்கு. ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்தபின் கதவைப் பிடித்த கையை எடுக்க மறந்தவராக நின்றார்.

எலேனா பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் சந்தனத்தின் கறை இன்னும் இருந்தது.

"பூ வைத்தீர்களா?" என்று கேட்டார்.

"வைத்தேன். சிவப்புப் பூ."

"உயிரோடு இருந்தபோது என் மாமனுக்கு ஒருவரும் பூக் கொடுத்ததில்லை," என்றார் எலேனா. சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. உதடு அசைந்தது. பின்பு, "போய்க் கும்பிட்டு வாருங்கள். எனக்கும் சேர்த்து," என்றார்.

கிளேர் நாடாவை மூக்கருகே கொண்டுசென்று முகர்ந்தார். பழத்துண்டுகளை உலர்த்தும் மின்பெட்டி ஒன்றில் இளஞ்சூட்டில் வைத்தார். இளகிய பசை இதனால் சில நாளைக்கு இறுகும், அதற்குள் ஓட்டிவிட வேண்டும் என்று விளக்கினார். "இதில மோர்மிளகாய் காயவைக்கலாம் போல," என்று அக்கா என் காதில் சொன்னார். அந்த நாள்களில் அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அது.

மறுநாள் மீண்டும் அதே நெடுவழி. கிளேர் இரண்டு செய்திகளை முன்கூட்டியே சொல்லிவிட்டார். காந்தம் தொட்டிருந்தால் சேதம் சுருளின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை, சக்கரம் போல் திரும்பத் திரும்ப வரும். நாடா ஓடத் தொடங்கியபின் எதற்காகவும் நிறுத்தமாட்டார். ஒரு மணி நேரப் பேச்சைப் பதிய ஒரு மணி நேரம் ஆகும். அதை விரைவுபடுத்த வழியில்லை.

சக்கரங்கள் சுழன்றன. முதலில் இரைச்சல் மட்டும். அது எழுந்து தாழ்ந்து, எழுந்து தாழ்ந்து, மூச்சு வாங்குவது போல் வந்தது. கிளேரின் புருவம் சுருங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த இரைச்சலின் அடியிலிருந்து மழை கேட்டது. தகரக் கூரையின் மேல் விழும் மழை. அதற்குள்ளிருந்து ஒரு மனிதர் இருமினார்.

எலேனா இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பேச்சுத் தொடங்குவதற்கு முன்பே, இருமலிலேயே, அவருக்கு ஆளைத் தெரிந்துவிட்டது.

குரல் தடித்தது, நிதானமானது. உயிரொலிகள் மூக்கின் வழியே கசிந்ததைத் தெளிவாகக் கேட்டேன். ஏட்டில் மட்டும் படித்த ஏற்றத்தாழ்வில் அவர் எளிதாக, சிரமமே இல்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் வந்த துடிப்பு கொஞ்சங்கொஞ்சமாக மங்கி மறைந்தது. என் அச்சம் தணிந்தது. அக்காவின் பிடியும் தளர்ந்தது. நெடுநேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போது அவர் ஒரு பெயரைச் சொன்னார். எலேனா நிமிர்ந்தார். அவருடைய தாயின் பெயர். பெயருக்குப் பின் ஓரிரு அசைகள் வந்தன. அவற்றின் பொருள் எனக்குத் தெரியாது. வினை அதற்குள் வந்துவிட்டதா, இனிமேல்தான் வரவேண்டுமா என்றும் சொல்ல இயலாது.

ஒலி நின்றது, மழையொலியும் கூட.

சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. கிளேர் விரலை உயர்த்தி, யாரும் அசையவேண்டாம் என்று காட்டினார். நாங்கள் காத்திருந்தோம். ஒரு மனிதர் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போதுமான நேரம், அதைவிடவும் நீண்டது. பின்பு மழை திரும்பியது, குரல் திரும்பியது. வேறு ஏதோ பேசினார், இடையே சிரிக்கவும் செய்தார். நாடா முடிந்து அதன் வால் சுருளில் தட்டித் தட்டி ஓயும்வரை தாயின் பெயர் மறுபடி வரவில்லை.

முதலில் பேசியவர் மனோகரி அக்கா. "என்னாலயோ?" என்று தமிழில் கேட்டார், யாரிடம் என்று இல்லாமல். எலேனாவுக்குச் சொல் புரியவில்லை, கேள்வி புரிந்தது. எழுந்து வந்து அக்காவின் தோளில் கைவைத்தார்.

"அவர் அப்படித்தான்," என்றார். "அம்மாவின் பெயரைச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவார். எப்போதும்."

அக்கா அழத் தொடங்கினார். கிளேர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு மனிதர் பேச்சை நிறுத்தலாம். அவருக்காக மழை நிற்காது. அதை நாங்கள் இருவரும் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறகு, மற்ற இருவரும் காருக்குப் போனபின், கிளேரைக் கேட்டேன். காந்தமாக இருந்தால் அது சுற்றுக்கொரு முறை வந்திருக்கும், இது ஒரே ஒருமுறை வந்தது, ஆகவே பதிந்தவரே அவ்விடத்தில் கருவியை நிறுத்தியிருக்கலாம் என்றார். நிறுத்தினால் ஒரு சொடுக்கொலி பதிந்திருக்குமே என்றேன். பல கருவிகளில் பதியும் என்றார். இதில் கேட்டதா என்றேன். தமக்குக் கேட்டது போலிருந்தது, சத்தியம் செய்யமாட்டேன் என்றார். எனக்குக் கேட்கவில்லை.

நான் ஊர் திரும்பிவிட்டேன். ஒலிப்பதிவு ஹோண்டுராசில் உள்ள எலேனாவின் அண்ணனுக்குப் போயிருக்கிறது. அவரிடமிருந்து இதை எழுதும்வரை மறுமொழி வரவில்லை. வந்தாலும், பதிவில் உள்ளதற்கே அவர் பொருள் சொல்ல முடியும்.

தெரியாதவற்றைச் சொல்லி முடிக்கிறேன். தொடக்கத்தில் வந்த துடிப்பு ஒலிப்பெட்டியின் காந்தத்தால் வந்ததா, கொட்டகையில் கிடந்த ஆண்டுகளால் வந்ததா என்று தெரியவில்லை. பெயருக்குப் பின் மாமன் என்ன சொன்னார், ஏதேனும் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் எப்போதும் அவ்விடத்தில் நிறுத்திவிடுவார் என்று எலேனா கூறியது நினைவா இரக்கமா என்று தெரியவில்லை, நான் கேட்கவுமில்லை. அந்த இடைவெளியில் மழை ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை.